இன்னொரு கோப்பை தேத்தண்ணி

கொறற்றி அக்கா நகரசபைக்காரருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. பார்த்துக்கொண்டு நின்ற சுஜீவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, அந்த மனுசனுக்கு இவ்வளவு உபசாரம் தேவையோ?"

"பேசாமல் நில்லும் பிள்ளை. விருந்தாளியெல்லோ."

விருந்தாளியாம். பேர்லினில் இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடக் கட்டடங்கள் அத்தனைக்கும் பொறுப்பு அவர்தான். இன்றைக்கு வந்திருப்பது இந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு மாட்டியிருக்கிற பெரிய தொடுதிரைகளைத் தொடக்கி வைக்க. அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. தண்ணியை இழுத்துவிட்டால் பாதி நிலத்தில்தான் ஓடும். கடதாசி வேண்டுமென்றால் ரீச்சரிடம் போய்க் கேட்கவேண்டும்.

சுஜீவாவின் மகள் ஆதிரை மூன்றாம் வகுப்பு. அந்தக் கழிவறைக்குப் பயந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டாள். சிறுநீரில் கிருமி பிடித்து இந்த வருசம் இரண்டு முறை மருந்து எடுத்தாயிற்று. இனியும் இப்படி அடக்கினால் கிட்னிக்குக் கூடாது என்று டொக்டர் போனமுறை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பெற்றோர் கடிதம் போடாமலும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நல்ல தாளில், நல்ல மரியாதையாகப் பதில் வந்தது. கொண்டிதான் வரவில்லை.

அதுதான் நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று சுஜீவா ஜெர்மன் மொழியில் நாலு வசனம் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தாள். வாசலிலேயே பள்ளிக்கூட அதிபர் பிராவ் லேமான் மறித்துவிட்டா.

"இண்டைக்குக் கழிவறைக் கதை ஒருத்தரும் எடுக்கக் கூடாது. முதல்ல விருந்தாளி வடிவாச் சாப்பிட்டுக் குடிக்கட்டும்."

சொன்ன முகத்தில் ஒரு சிரிப்பில்லை. தன்ர பதவிக் கதிரையைக் காப்பாற்றப் பார்க்கிறா என்று சுஜீவா நினைத்தாள். பெற்றோர் சங்கத் தலைவி கொறற்றி அக்காவாவது கேட்பா என்று பார்த்தால், அவ பிளாஸ்க்கும் கையுமாக அந்த மனுசனுக்குப் பின்னாலேயே திரிகிறா.

"குடியுங்கோ. இஞ்சி போட்டது. மேடையில கதைக்கோணுமெல்லோ, தொண்டைக்கு நல்லது."

மனுசன் குடித்தார். நல்லாயிருக்கு என்று சொல்லி இன்னும் குடித்தார். வடை உறைத்ததால் அதற்கு மேல் தண்ணியும் குடித்தார். பிறகு மெல்ல நெளியத் தொடங்கினார்.

"இஞ்ச கழிவறை எந்தப் பக்கம்?"

"ஆசிரியர்மாரின்ர உதிலதான் இருக்கு," கொறற்றி அக்கா பக்கத்துக் கதவைக் காட்டினா. "ஆனா பூட்டிக் கிடக்கு."

"காலமையிலிருந்து பூட்டின்ர திறப்பைக் காணேல்லை," என்றா அதிபர். "மன்னிக்கோணும். பிள்ளையளின்ர கழிவறைக்குத்தான் நீங்கள் போகோணும்."

நின்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. விறுவிறென்று நடந்தார். தாயோடு நின்ற ஆதிரை பின்னாலேயே ஓடினாள்.

"அங்கிள், கதவுக்குக் கொண்டி இல்லை. உள்ளுக்க இருக்கும்மட்டும் பாட்டுப் பாடோணும். அப்பத்தான் ஆள் இருக்கெண்டு தெரியும். நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

கொஞ்ச நேரத்தில் நடைபாதைக் கோடியிலிருந்து சின்னப்பிள்ளைப் பாட்டு ஒன்று கட்டைக் குரலில் கேட்டது. நடுவில் ஓரிடத்தில் பாட்டு நின்று, கதவு அடிபட்டு, பிறகு இன்னும் பலமாகத் தொடங்கியது. மண்டபத்தில் எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தவரின் சப்பாத்து நனைந்திருந்தது. மேடையில் ஏறி, எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"உங்கட கடிதமெல்லாம் எனக்கு வந்தது. பதிலில கையெழுத்து வைச்சதும் நான்தான். ஆனா கடிதத்தில நாத்தம் வராது. இண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. வெக்கமாயிருக்கு. கெதியில திருத்தித் தருவம்."

எல்லோரும் கைதட்டினார்கள். சுஜீவா தட்டவில்லை, கையை உயர்த்தினாள். பாடமாக்கின நாலு வசனமும் எங்கே போனதோ, வாயில் ஒரு சொல்தான் வந்தது.

"எப்ப?"

அதிபர் மறிப்பா என்று சுஜீவா பார்த்தாள். அவ அசையவில்லை.

மனுசன் நெற்றியைத் துடைத்தார். "இலையுதிர்கால விடுமுறை முடிஞ்சு பிள்ளையள் வரேக்க எல்லாம் புதுசா இருக்கும். இல்லாட்டி சபைக் கூட்டத்துக்கு வாங்கோ. சனம் கேள்வி கேக்கிறதுக்கெண்டு அங்க நேரம் இருக்கு. எல்லாருக்கும் முன்னால என்னை எழுப்பிக் கேளுங்கோ."

"வருவன்," என்றாள் சுஜீவா. இப்போது அவளும் கைதட்டினாள். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் ஆதிரை ஒரு கோப்பைத் தண்ணியை எடுத்து மடக்மடக்கென்று குடித்தாள்.

அவருடைய கார் போன பிறகு சுஜீவா தேத்தண்ணி மேசைக்கு வந்தாள்.

"அக்கா, என்னை மன்னியுங்கோ. அந்தாளுக்கு வாலாட்டுறியள் எண்டு மனசுக்குள்ள திட்டிப்போட்டன். சரி, இப்பவாவது சொல்லுங்கோ, திறப்பை எங்க ஒளிச்சனீங்கள்?"

"நானோ? எனக்குத் தந்த வேலை தேத்தண்ணி ஊத்துறது மட்டும்தான் பிள்ளை."

"ஆர் தந்தது?"

கொறற்றி அக்கா நடைபாதைப் பக்கம் கண்ணைக் காட்டினா.

அதிபர் பிராவ் லேமான் அரக்கப்பரக்க வந்துகொண்டிருந்தா. ஆசிரியர் கழிவறைக்கு முன்னால் நின்று, கோட்டுப் பைக்குள்ளிருந்து திறப்பை எடுத்தா.

"தள்ளி நில்லுங்கோ," என்றா, அதே கண்டிப்போடு. "காலமையிலிருந்து நானும் அடக்கிக்கொண்டெல்லோ நிக்கிறன்."