நான்காவது வளையம்

பழைய ராணுவ ஜீப்பின் இன்ஜினில், வால்வு உட்காரும் வளையம் மூன்றாவது முறையாகக் கழன்றது.

“இது ஓடுனாத்தான் ஒனக்குக் குவைத் விசா எடுத்துத் தருவேன். இல்லேன்னா இலுப்பூர்லயே கெட” என்றார் ஜீப் முதலாளி.

மெக்கானிக் அழகுமலை, லேத்தில் கடைந்த புது வளையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினான்.

“சொர்ணம், ஃப்ரீசர்ல வை. குளிர்ல சுருங்குனாத்தான் உள்ள எறங்கும். அப்புறம் விரிஞ்சு இறுக்கிப் புடிக்கணும். ஏன் நிக்க மாட்டேங்குதுன்னே தெரியல. இதுவும் கழண்டுச்சுன்னா நான் இங்கிட்டே மாட்டிக்கிட்டேன்.”

“அந்த ஜீப்புக்கு ஒங்கள விட மனசில்லபோல” என்றாள் சொர்ணவல்லி.

அவன் பட்டறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினாள். அரிசி டின்னில் ஒளித்திருந்த உப்புத்தாளை எடுத்து, வளையத்தின் வெளிவிளிம்பை ஒரு மயிரிழை குறையும்வரை சுற்றிலும் தேய்த்தாள்.

பிறகு, வழக்கம்போல, ஃப்ரீசரில் வைத்தாள்.