வாய் வளைவில் ஒரு குறை

"வெட்டுற வாய்ப்பக்கம் வளைவு சரியில்லாத மாதிரி இருக்கேங்க" என்றாள் மனைவி, கத்தியைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து.

கத்தி செய்பவருக்குச் சுருக்கென்றது. ஜப்பான் பாணியில் மூன்று வாரம் தட்டித் தேய்த்தது. நாளை வாங்குபவரிடம் கைமாற வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்கிக் காட்டினார்.

"வெண்ணெய் மாதிரி போகுதே!"

"ஒண்ணுல என்ன தெரியும்? ரெண்டு கிலோவாவது பாருங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே முடித்தார்.

"முனைப்பக்கம் சரி. பிடிப்பக்கம் பலகையில படியுதா? வாய்ல குழி இருந்தா பீன்ஸ் துண்டாகாம ஒட்டிக்கிட்டு நிக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

ரோஷத்தோடு பீன்ஸை முடித்தார். ஒன்றுகூட ஒட்டவில்லை. பிறகு கேரட். பிறகு முழுப் பூசணி.

"இப்பவாவது சொல்லு, எங்கே குறை?" என்றார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"குறையா? மொத வெங்காயத்துலயே தேறிடுச்சே!"

வாசல் மணி அடித்தது.

"உங்க அக்கா வீட்டுலேர்ந்து பன்னெண்டு பேர் சாப்பிட வர்றாங்கன்னு காலையிலயே சொன்னேன். நீங்க எங்க காதுல வாங்கினீங்க?" என்றபடி கதவைத் திறக்கப் போனவள் திரும்பினாள்.

"அடுத்த வாரம் எங்க அண்ணன் வீட்டுலேர்ந்து வர்றாங்க. இன்னொரு கத்தி செஞ்சு வைங்க."