டொக் டொக் ட்ரெய்லர்

“கையைக் கீழே போடு அண்ணா! போயும் போயும் அந்த ஆளையா நிறுத்துற?”

தங்கை பல்லைக் கடித்தாள். அதற்குள் வந்த வண்டி ஓரங்கட்டி நின்றேவிட்டது. இவர்கள் வண்டியைப் போலவே அதன் பின்னாலும் ஒரு ட்ரெய்லர், ட்ரெய்லர் மேல் ஒரு பாய்மரப் படகு. ஓட்டி வந்தவர் நெடுமரம். அது அவள் வைத்த பெயர். ஆள் ஆறடிக்கும் மேல். மூன்று வருஷமாகப் படகுப் போட்டிக் கோப்பையைத் தன் வீட்டு அலமாரியை விட்டு நகரவிடாத மனுஷர். மூன்று வருஷமும் இரண்டாவதாக வந்து கை தட்டிவிட்டுப் போனவள் அவள்.

இன்று நாலாவது வருஷம். ஒன்பது மணிக்குள் ஏரிக்கரையில் பெயர் பதிய வேண்டும். இப்போதே மணி எட்டு இருபது. இன்னும் இருபது கிலோமீட்டர் போயாக வேண்டும்.

அவள் படகை ட்ரெய்லரில் இழுத்து வந்த அண்ணனின் எஸ்.யு.வி.யோ கிளம்பியதிலிருந்து ஒரே அழிச்சாட்டியம். பிரேக் போட்டால் ‘டொக்’. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ‘டங்’. பள்ளத்தில் இறங்கினால் இரண்டும் சேர்ந்து கச்சேரி. எதனால் என்றுதான் பிடிபடவில்லை.

“என்னம்மா, ட்ரெய்லர் சத்தம் போடுதா?” நெடுமரம் இறங்கி வந்தார்.

“ஒண்ணுமில்ல சார். நாங்க பார்த்துக்கறோம். நீங்க கிளம்புங்க,” என்றாள் வெடுக்கென்று.

அவர் காதில் வாங்கினால்தானே!

“தம்பி, ட்ரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லு வைங்க. வண்டியில ஏறி ஒரு ஜாண் முன்னால போங்க. ம்... இப்ப பின்னால.”

டங். டொக்.

“இன்னொரு தடவை.”

டங். டொக்.

வண்டியின் இழுவைக் கம்பி நுனியில் இருந்த இரும்புப் பந்தின் மேல் உட்காரும் ட்ரெய்லர் மூடியை ஆட்டிப் பார்த்தார். “இது கெட்டியா இருக்கு.” சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். “இதுவும் இல்ல.” பிறகு மறுபடியும் முன்னால போ, பின்னால வா.

தங்கை ஓடிப்போய் ஜன்னல் வழியாக அண்ணன் காதைக் கடித்தாள். “புரியலையா உனக்கு? வேணும்னே நேரத்தைக் கடத்துறாரு.”

“அப்போ அவருக்கும்தானே லேட்டாகும்?”

“அவர் வண்டி பறந்து போயிடும். நம்ம வண்டி?”

“கண்டுபிடிச்சாச்சு!” நெடுமரம் கூவினார்.

வண்டிக்கு அடியில் இருந்த சதுரக் குழாயைக் காட்டினார். இழுவைக் கம்பி அதற்குள்தான் நுழைந்திருக்கும். அது உருவிக்கொண்டு வந்துவிடாமல் குறுக்கே தடியாக ஒரு பின் மாட்ட வேண்டும். அந்த இடத்தில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு போல்ட் இருந்தது.

“இது யாரோட கைவேலை?”

அண்ணன் அசடு வழிந்தான். “பின் எங்கேயோ காணாமப் போச்சு சார். டூல் பாக்ஸ்ல இது கிடந்துச்சு. ஆபத்துக்குப் பாவமில்லைன்னு...”

நெடுமரம் போல்ட்டை உருவினார். வளைந்து, பாதிக்கு மேல் அறுந்திருந்தது.

“ஓட்டை பெரிசு, போல்ட் சின்னது. அதான் கம்பி முன்னயும் பின்னயும் இடிக்குது. இன்னும் ரெண்டு பள்ளம் இறங்கியிருந்தா, படகு உங்களை ஓவர்டேக் பண்ணியிருக்கும்!”

தங்கை மணியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வேறு, ஒரு கடை திறந்திருக்காது. இந்த வருஷமும் கோப்பை போச்சு என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“அட, அழுவாங்களா! என் வண்டியில ஒண்ணு இருக்கு.”

தன் வண்டிக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் ஏதோ உருட்டினார். கையில் தடியான பின்னோடு வந்தார். அதை மாட்டி, மிச்சமிருந்த இடுக்கில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைத் திணித்தார்.

அண்ணன் முன்னால் போனான், பின்னால் வந்தான். மூச்சு காட்டவில்லை ட்ரெய்லர்.

“தேங்க்ஸ் சார்!” அண்ணன்தான் சொன்னான். அவள் எப்போதோ ஏறி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேரமாச்சு, முதல்ல நீங்க கிளம்புங்க!” நெடுமரம் கையை ஆட்டினார்.

எட்டு ஐம்பத்தைந்துக்குப் பெயர் பதிந்தாள். ஒன்பதுக்கு நோட்டை மூடினார்கள். நெடுமரம் வரவில்லை.

அன்றைக்கு அடித்த காற்றே அவளுக்காக அடித்த மாதிரி இருந்தது. பாய் புடைத்தது, படகு பறந்தது. திரும்பிப் பார்த்தால் அடுத்த படகு எங்கேயோ கிடந்தது. கரையில் அண்ணன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு துள்ளினான். கோப்பை அவள் கைக்கு வந்தேவிட்டது!

“நெடுமரம் சார் இருந்திருந்தா...” என்று இழுத்தான் அண்ணன்.

“சத்தத்தைச் சரிபண்ற சாக்குல நம்மள லேட்டாக்கப் பார்த்தாரு. கடைசியில அவரே லேட்டு. கெடுவான் கேடு நினைப்பான்!” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

படகையும் ட்ரெய்லரையும் ஏரிக்கரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு, மடியில் கோப்பையோடு வண்டியில் திரும்பினார்கள். பாதி வழியில் அவள் பாட்டு சட்டென்று நின்றது.

காலையில் நின்ற அதே இடம். அதே வண்டி, அதே ட்ரெய்லர். படகின் நிழலில் நெடுமரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

கோப்பையோடு இறங்கினாள். “ஏன் சார் வரல?”

“ஜெயிச்சுட்டியா! அடி சக்கை!” அவர் எழுந்து இரண்டு கையையும் தட்டினார். “நீ இல்லாம ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா, சொல்லு? சரிம்மா, காலையில என் வண்டியிலேருந்து உருவி உங்க வண்டியில மாட்டினேனே, அந்தப் பின்னைக் கழட்டித் தாங்க. அது இல்லாம இந்தப் படகை எப்படி வீட்டுக்கு இழுத்துட்டுப் போறது?”