நம் வீட்டுச் சாவி

“வீடு நம்மளது. சாவி மட்டும் ஏம்மா அவங்ககிட்ட இருக்கு?”

மூன்று வருடத்துக்கு முன் மகள் கேட்ட கேள்வி அது. காதுவலியால் துடித்த ஆறு வயதுக் குழந்தையை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருந்தாள் அம்மா. குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு கணினியில் திறக்கவில்லை. நாட்டு நோயாளிகளின் பதிவெல்லாம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருந்தது. இரண்டு அரசுகளுக்கும் ஏதோ மனத்தாங்கல்; கம்பெனி இரண்டு நாள் பூட்டிவிட்டது. இதைக் குழந்தைக்கு விளக்கியபோது வந்த கேள்விக்கு, சுகாதாரத் துறைப் பொறியாளரான அம்மாவே பதில் தேடக் கிளம்பினாள்.

பதிலைக் கட்டி முடிக்க மூன்று வருடம் பிடித்தது. சொந்தக் கட்டடம், எல்லாப் பதிவுகளின் நகலும் ஏற்றிய சொந்தக் கணினிகள், பதிவுகள் நாட்டைத் தாண்டக் கூடாதென்று ஒரு சட்டம், விழுந்து விழுந்து வேலை கற்ற நாற்பது இளைஞர்கள். இன்று சோதனை. கம்பெனிக்குப் போகும் கேபிளைக் கழற்றி, ஒரு மணி நேரம் எல்லா மருத்துவமனைகளும் தடங்கலின்றி ஓடினால் பதிவுகள் வீடு திரும்பும். ஒன்று நின்றாலும் கம்பெனியோடு இன்னும் பத்து வருட ஒப்பந்தம்.

மணி பதினொன்று. அமைச்சர் ஒப்பந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பெனியின் பிரதிநிதி. ஒரு காலத்தில் இதே அலுவலகத்தில் அவளுக்கு மூத்தவராக இருந்தவர். அமைச்சரிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய கண் பரிசோதனைச் சீட்டைத் திரையில் திறந்து காட்டினார்.

“இமைக்கிறதுக்குள்ள வந்துருச்சு, பாத்தீங்களா ஐயா? இது எங்க மெஷினோட வேகம். கேபிளை உருவினா, இந்தத் தாயோட வண்டி முக்கும், முனகும், மூணாவது நிமிஷம் படுத்துக்கும்.”

அறை சிரித்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிரதிநிதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“என்னம்மா, பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க,” என்றார் அமைச்சர்.

“பயமெல்லாம் காலையிலேயே போயிருச்சுங்கய்யா. பாத்துட்டு வந்துடறேன்.”

கணினி அறைக்குள் போக அவளுக்கு மட்டுமே அனுமதி. இரண்டு நிமிடத்தில் திரும்பினாள்.

“கேபிள் வெளியேதான் இருக்குங்கய்யா.”

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது நிமிடம் போனது. முப்பதாவதும் போனது. அறுவை அரங்குகள், மருந்துக் கூடங்கள், மலைமேல் இருக்கும் சிற்றூர் மருத்துவமனை என்று வரிசையாகத் தொலைபேசி வந்தது, எங்கும் குறையில்லை. ஒரே ஒரு புகார், கான்டீனில் டீ ஆறிவிட்டதாம்.

பன்னிரண்டு மணிக்கு அமைச்சர் ஒப்பந்தத்தைக் குறுக்கே கிழித்தார். நாற்பது இளைஞர்களும் மேசையைத் தட்டிய தட்டில் ஜன்னல் அதிர்ந்தது.

“ஜெயிச்சுட்ட தாயே,” என்று பிரதிநிதி கை குலுக்கினார். “அந்த மூணு நிமிஷத்த நானே முழுங்கிக்கிறேன்.”

“நீங்க சொல்லிக் கொடுத்த வேலைதானே அண்ணே.”

‘சாவி வந்துருச்சு’ என்று மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கணினி அறைக்குத் தனியாகப் போனாள். கடவுளை நினைத்துக் கைகூப்பினாள். அண்ணனையும் நினைத்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேதியை மாற்றிப் போட்டு ஒரு பிரசவ வார்டின் பதிவு முழுவதையும் அழித்தவள் அவள். மூன்று நாள் கூடவே உட்கார்ந்து, துண்டுச் சீட்டுகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றிக் கொடுத்தவர் அவர். இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

கழற்றிய கேபிளில் நேரம் எழுதிய அட்டை கட்டுவது அந்த அறையின் வழக்கம். அட்டையை அவிழ்த்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அமைச்சர் முன் அண்ணன் மெச்சிய வேகம் யாருடையது என்பதற்குச் சாட்சியாக அதில் ஒரே வரிதான் இருந்தது: ‘கழற்றியது: காலை 6.05, நோயாளிகள் வரும் முன்.’