அறுபது டிகிரி

உப்புத்தண்ணி மீன்தொட்டியின் மோட்டார், ஹீட்டர், லைட் எல்லாவற்றையும் கன்ட்ரோலரில் மாட்டிவிட்டு நிமிர்ந்தான் தங்கப்பாண்டி. "இனி கவலைய விடுங்கண்ணே. தண்ணியில சூடு கொஞ்சம் கூடுனாலும் உங்க போன் அலறிரும்."

"கடையில இருக்கும்போது போனை சைலன்ட்ல போட்டிருப்பேனேப்பா?" என்றார் அசோக்குமார்.

"சைலன்ட்டாவது ஒண்ணாவது! அதையும் மீறி அடிக்கும்ணே."

சமையல்கட்டு வாசலில் நின்ற அவர் மனைவி நாகஜோதி, "நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரமே அசோக்குமார் போனில் கத்தினார். "என்னய்யா மாட்டுன? தொட்டித் தண்ணி அறுபது டிகிரின்னு காட்டுது! ஒரு மீனு மிஞ்சாது. கடையப் போட்டது போட்டபடி வீட்டுக்குப் போறேன், நீயும் வா!"

"என் வேலையில கோளாறு வராதுண்ணே. இந்தா வாரேன்" என்று வண்டியை முறுக்கினான் தங்கப்பாண்டி.

இருவரும் ஒன்றாகத்தான் வண்டியூர் வீட்டுக்குள் ஓடினார்கள். மீன்கள் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன. தொட்டிக்குள் இருக்கவேண்டிய, தண்ணிச் சூட்டை அளக்கும் சென்சார், பக்கத்தில் ஆவி பறந்த வெந்நீர்ச் சொம்புக்குள் கிடந்தது.

நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி, மடியில் துணிப்பையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள் நாகஜோதி.

"வலி எடுத்துருச்சுன்னு எத்தனை தடவ கூப்பிட்டேன்? எடுத்தீகளா? மீனுக்குன்னா மட்டும் பறந்து வாரீக!" என்று புருஷனிடம் பல்லைக் கடித்தவள், தங்கப்பாண்டி பக்கம் திரும்பினாள்.

"நீங்க மாட்டுனது நல்லாத்தான் வேலை செய்யுதுண்ணே. ஓடிப்போயி ஒரு ஆட்டோவக் கூட்டிட்டு வாங்க."