இருபதாவது பெயர்

“டீச்சர், பேரு மட்டும் இருக்குற புள்ளைக்கும் பசிக்குமா?” என்று பகவதி ஒருநாள் கேட்டாள்.

இருபது பேர் இல்லையென்றால் உப்பளத்தோரப் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பயந்து, அருணாசலவடிவு டீச்சர் சீனித்தாய் என்று இல்லாத ஒரு பிள்ளையைப் பதிவேட்டில் சேர்த்திருந்தார். அந்தக் கேள்விக்குப் பிறகு மதியச் சோற்றில் சீனித்தாய்க்கும் ஒரு தட்டு வைத்தார். தட்டு தினமும் காலியானது.

“ஏளா, இதை யாரு தின்னது?”

“அவதான் டீச்சர். உங்களுக்குத்தான் கண்ணு தெரியல.”

அந்தப் பெயரால் பள்ளி இரண்டு வருஷம் பிழைத்தது. எழுபத்து நாலில் மூடினார்கள். பத்தொன்பது பிள்ளைகள் டி.சி. வாங்கிப் போனார்கள். சாயங்காலம் பூட்ட வந்தபோது, கடைசி பெஞ்சில் கழுவிய தட்டு ஈரத்தோடு இருந்தது.

டி.சி. இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? டீச்சர் மறுபடி உட்கார்ந்து இருபதாவது டி.சி.யை எழுதினார். நடத்தை: மிக நன்று. அதைத் தட்டின்மேல் வைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல் நடந்தார்.