பின்கேட்டுக்குப் போன பந்தல்

"எப்பவும் எங்க ஜன்னலுக்குக் கீழேதானே பூஜைப் பந்தல் போடுவீங்க, காக்கு? இந்த வருஷம் ஏன் பின்கேட்டுக்குப் போச்சு?"

பல்கலைக்கழக ஹாஸ்டலிலிருந்து கொல்கத்தா டாக்குரியாவில் இருக்கும் வீட்டுக்கு வந்த மதுவந்தி, தோள் பையைக்கூட இறக்காமல் வங்காள மொழியில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

பூஜை கமிட்டி செயலாளர் உத்தம், குடியிருப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் காக்கு, அதாவது சித்தப்பா. துர்க்கைக்கு வைக்கோல் கட்ட உதவிக்கொண்டிருந்தார். வைக்கோல் கட்டி, களிமண் பூசி, பந்தலிலேயே சிலை செய்வது அங்கே வழக்கம்.

"அங்கே இடம் சரியில்லைம்மா."

"இத்தனை வருஷம் சரியா இருந்துதே."

"இப்ப சரியில்லை."

"என் தம்பி முகுந்த் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கான், தெரியுமில்ல? லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நுரையீரல் கிருமி."

"தெரியும்."

"தெரிஞ்சா போதாது. நான் மைக்ரோபயாலஜி படிக்கறேன், கேளுங்க. கிருமி நுழைஞ்சா ரத்தத்துல இருக்கற வெள்ளணுதான் முதல்ல ஓடி வரும். அவனுக்கும் வருது, கிருமியை முழுங்குது. கொல்லத்தான் தெரியலை. பிறவிக் குறை. அவன் கீழே இறங்கக் கூடாது. அம்மனுக்குக் கண் வரையறதை ஜன்னல்லேர்ந்தாவது பார்க்கலாம்னு இருந்தான்."

காக்கு சணல் கயிற்றை இழுத்து முடிந்தார்.

"மதராஸிக் குடும்பத்து வாசல்ல அம்மன் எதுக்குன்னு கமிட்டியில முடிவாச்சாக்கும்?"

சிலை செய்பவர் திரும்பிப் பார்த்தார். காக்கு அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"மெதுவாப் பேசு. அந்தக் கிருமி மண்ணுலயும் வைக்கோல் தூசியிலயும்தான் இருக்காமே. டாக்டர் சொன்னதா உங்கம்மா என் வீட்டுக்காரிகிட்ட சொன்னாங்க. பூஜை முடியறவரைக்கும் ஜன்னலை மூடி வெச்சுக்கறோம்னாங்க. வேற எதுவும் கேக்கலை."

மதுவந்தி தோள் பையை இறக்கி வைத்தாள்.

"தன்னாலதான் பந்தல் இடம் மாறிச்சுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். ரோஷக்காரப் பையன்."

மாடியில், திறந்த ஜன்னலோரம் முகுந்த் காத்திருந்தான்.

"என்னக்கா சொன்னார்?"

"கார் நிறுத்த இடம் வேணுமாம்."

"அதைக் கேட்டுட்டு நீ சும்மாவா வந்தே? சண்டை போடலை?"

"போட்டேன்டா" என்றாள் மதுவந்தி. "தோத்துட்டேன்."